காற்றை எதிர்த்து ஓடிய ‘கட்டுமரம்’: ஜெயித்தும் பரிசு கிடைக்காத ஹெரெஷாஃப் கதை

ஆடி மாசக் காத்துல கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்கு சைக்கிள் மிதித்து வந்த அனுபவம் இருக்கிறதா? முகத்துக்கு நேரே காற்று அடிக்கும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராத மாதிரி இருக்கும். ஆனாலும் வந்து சேர்ந்துவிடுவோம். காரணம், அங்கே உந்துவது நம் கால்.

கடலில் பாய் கட்டிய படகுக்கு அந்த வசதி கிடையாது. அதை முன்னால் தள்ளுவதே காற்றுதான். அந்தக் காற்றே எதிரில் இருந்து வந்தால்? அதை எதிர்த்து, அதன் பலத்தையே வாங்கி முன்னேற வேண்டும். வேகமான, லேசான, இரண்டு உடல் கொண்ட பந்தயப் படகுக்கு இது இன்னும் சிக்கல். உலகமே அந்தப் படகை ‘கேட்டமரன்’ என்று நம் தமிழ்ச் சொல்லால்தான் அழைக்கிறது.

இந்தச் சிக்கலோடு சுமார் 150 வருடங்களுக்கு முன்பே மல்லுக்கட்டியவர், அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரெஷாஃப். முதல் பெரிய போட்டியிலேயே எல்லோரையும் முந்தினார். ஆனால் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன்? அதற்குப் பிறகு என்ன ஆனது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், எதிர்காற்றில் படகு எப்படிப் போகும்?

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் நேராக மேலே ரோடு போட்டால் எந்த பஸ்ஸும் ஏறாது. அதனால் ரோடு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என வளைந்து வளைந்து ஏறுகிறது. தூரம் அதிகம்தான். ஆனால் உச்சிக்குப் போய்விடலாம்.

பாய்மரப் படகும் இதையேதான் செய்கிறது. காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. ஆனால் அந்தத் திசையிலிருந்து சுமார் 45 டிகிரி விலகி ஒருபக்கமாகப் போகலாம். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, மறுபக்கம் 45 டிகிரியில் போகலாம். இப்படி மாறி மாறிப் போனால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கே போய்ச் சேரலாம். ஒரு கிலோமீட்டர் முன்னேற சுமார் 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது படகு பக்கவாட்டில்தானே போகணும், எப்படி முன்னால் போகும்? ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் அழுத்துவது பக்கவாட்டில். கொட்டை பாய்வது முன்னால். படகில் ஒரு விரல், காற்றை வாங்கும் பாய். இன்னொரு விரல், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகை. அந்தப் பலகை இல்லாவிட்டால் படகு காற்றோடு பக்கவாட்டில் நழுவிப் போய்விடும்.

நம் கோரமண்டல் கரை மீனவர்களுக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் அல்ல. பாய் விரித்துப் போகும்போது கட்டுமரம் பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் பலகை இறக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.

பெயர் நம்முடையது, வடிவம் யாருடையது?

கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகி ஆறாக இறங்கி, மணிமுக்தாவோடு சேர்ந்து, வெள்ளாறு வழியாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. சின்னசேலத்துக்குக் கடல் தூரம்தான். ஆனால் நம்ம ஊர்த் தண்ணீர் போய்ச் சேரும் அந்தக் கரையில்தான் கட்டுமரங்கள் பல நூறு ஆண்டுகளாக ஓடின.

‘கட்டு’, ‘மரம்’ என்ற பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. லேசான மரத்தடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். அதற்கு உட்குழிவு கிடையாது. தண்ணீர் மேலே ஏறி இடுக்குகள் வழியாக வடிந்துவிடும். அதனால் மூழ்காது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697-ல் வெளியான தன் பயண நூலில் கோரமண்டல் கரையின் இந்தப் படகுகளைப் பற்றி எழுதினார். அந்த வழியில் சொல் ஆங்கிலத்தில் பரவியது.

ஆனால் இன்று ‘கேட்டமரன்’ என்று சொல்லப்படும் படகு வேறு. இரண்டு ஒல்லியான படகு உடல்கள், நடுவில் இடைவெளி, மேலே இரண்டையும் இணைக்கும் சட்டம். இந்த வடிவம் பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்களிடம் செழித்தது. ஐரோப்பாவிலும் சிலர் முயன்றார்கள். சர் வில்லியம் பெட்டி என்ற அறிஞர் 1662-ல் அயர்லாந்தில் ஓர் இரட்டைப் படகைக் கட்டினார். ஆனால் அது பரவலாகவில்லை.

ஆக, வடிவம் பசிபிக்குடையது. பெயர் தமிழ். இரண்டையும் பந்தயக் களத்துக்குக் கொண்டுவந்தவர்தான் நம்ம கதாநாயகர்.

அண்ணனுக்குக் கண்ணாக இருந்த தம்பி

நத்தானியேல் கிரீன் ஹெரெஷாஃப் 1848 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிரிஸ்டல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். அப்பாவுக்குப் படகு என்றால் உயிர். பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

குடும்பத்தில் ஒரு துயரமும் இருந்தது. பிள்ளைகளில் சிலருக்குப் பார்வை போனது. அண்ணன் ஜான் பிரவுன் ஹெரெஷாஃப் பதின்ம வயதிலேயே பார்வையை முழுதாக இழந்தார். ஆனால் படகு கட்டும் ஆசையை விடவில்லை. மரத்தைத் தடவிப் பார்த்தே அதன் வளைவு சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். அண்ணன் படகோட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, காற்று எங்கிருந்து வருகிறது, எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்பவர் தம்பி நத்தானியேல்.

இந்தப் பழக்கம் இருவரின் வேலை முறையையே தீர்மானித்தது. நத்தானியேல் புதுப் படகை முதலில் காகிதத்தில் வரைய மாட்டார். சின்ன மரக்கட்டையில் படகின் ஒரு பாதியைச் செதுக்குவார். அண்ணன் அதைக் கையால் தடவிப் பார்ப்பார். இருவருக்கும் திருப்தி என்றால், அந்தக் கட்டையிலிருந்து அளவெடுத்துப் பெரிய படகு தயாராகும்.

படிக்கப் போன இடம் எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அங்கே 1860-களின் கடைசியில் இயந்திரப் பொறியியல் படித்தார். பிறகு 1869-ல் பிராவிடன்ஸ் நகரில் இருந்த கார்லிஸ் நீராவி இன்ஜின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சியில், சுமார் 40 அடி உயரத்தில், 1,400 குதிரைசக்தியோடு நின்ற ராட்சத இன்ஜின் இந்த நிறுவனத்துடையதுதான்.

பகலில் நீராவி இன்ஜின். மற்ற நேரமெல்லாம் மனசு பாய்மரத்தில்.

1876: அமரில்லிஸ்

அன்றைய நியூயார்க் பந்தயப் படகுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அகலமான, தட்டையான உடல். அதன்மேல் மிகப் பெரிய பாய். காற்றில் கவிழாமல் இருக்க மணல் மூட்டைகள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஆட்கள் அந்த மூட்டைகளைத் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். வேகத்துக்காகப் பாரத்தைச் சுமக்கிற ஏற்பாடு.

இளைஞர் ஹெரெஷாஃப் வேறு மாதிரி யோசித்தார். கவிழாமல் இருக்கத் தேவை எடையா, அகலமா? இரண்டு ஒல்லியான உடல்களைத் தள்ளித் தள்ளி வைத்தால், மூட்டையே இல்லாமல் நிலைத்தன்மை கிடைக்கும். ஒல்லியான உடல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். எடை குறைந்தால் வேகம் கூடும்.

இப்படிப் பிறந்ததுதான் அமரில்லிஸ். நீளம் சுமார் 25 அடி. சின்னப் படகுதான். இதில் அவர் செய்த முக்கிய வேலை, இணைப்பு. அலை வரும்போது இரண்டு உடல்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது. இரண்டையும் கெட்டியாகப் பிணைத்தால் சட்டம் முறிந்துவிடும். அன்று இரும்பும் மரமும்தான் கையில் இருந்தன. அதனால் நம் தோள்பட்டை மூட்டு போல, குழிக்குள் உருண்டை அசைகிற மூட்டுகளை வைத்தார். ஒவ்வொரு உடலும் தன் இஷ்டத்துக்கு அலையில் ஏறி இறங்கலாம்.

1876 ஜூன் மாதம், நூற்றாண்டு விழாவையொட்டி நியூயார்க்கில் படகுப் போட்டி. ஹெரெஷாஃப் அமரில்லிஸோடு வந்தார். பார்த்தவர்களுக்கு அது படகாகவே தெரிந்திருக்காது. போட்டி முடிந்தபோது, பேர்போன மணல்மூட்டைப் படகுகள் எல்லாம் பின்னால் இருந்தன. அமரில்லிஸ் ஜெயித்தது. அவருக்கு அப்போது வயது 28.

ஏன் தகுதிநீக்கம்?

தோற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கேள்வி எளிமையானது: இது ஒரு படகா, இரண்டு படகா? படகுகளின் பந்தயம் என்றால், எல்லோரும் ஒரே மாதிரிப் படகில்தானே வரணும்? எதிர்ப்பு ஏற்கப்பட்டது. அமரில்லிஸ் தகுதிநீக்கம் செய்யப்பட்டது.

இதில் நியாயம் யார் பக்கம்? ஹெரெஷாஃப் ஏமாற்றவில்லை. படகை எல்லோர் கண்முன்னும்தான் கொண்டுவந்தார். இன்னொரு பக்கம், மணல்மூட்டைப் படகு வைத்திருந்தவர்களின் கோபமும் புரிந்துகொள்ளக் கூடியதே. வருஷக்கணக்கில் பணமும் உழைப்பும் போட்டு வளர்த்த ஒரு படகு வகை ஒரே மதியத்தில் பழசாகிப்போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? விதியை எழுதியவர்கள் இரட்டை உடலைக் கற்பனையே செய்திருக்கவில்லை. விதியில் இல்லாத ஒன்று வந்ததும், அதைச் சேர்த்துக்கொள்வதா, வெளியே தள்ளுவதா என்ற முடிவு வந்தது. வெளியே தள்ளினார்கள்.

விளைவு பெரியது. வழக்கமான பந்தயப் பிரிவுகளில் இரட்டை உடல் படகுகளுக்குப் பல பத்தாண்டுகள் இடமில்லாமல் போனது.

ஹெரெஷாஃப் உடனே விட்டுவிடவில்லை. 1877 ஏப்ரல் 10 அன்று தன் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். டாரன்டெல்லா உள்ளிட்ட மேலும் சில இரட்டைப் படகுகளைக் கட்டினார். ஆனால் போட்டியில் சேர்க்காத படகை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? சந்தை வளரவில்லை.

எதிர்காற்றில் இரட்டைப் படகுக்கு என்ன பிரச்னை?

தடை ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையிலேயே இந்த வகைப் படகுக்கு ஒரு பலவீனமும் உண்டு. காற்று பக்கவாட்டில் இருந்து வந்தால் இதை மிஞ்ச ஆளில்லை. எதிர்காற்று என்றால் தடுமாறும். ஏன்?

முதல் காரணம், திரும்புவது. மலை ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் நீளமான பஸ் திணறுமே, அதே கதைதான். இரண்டு நீளமான உடல்கள் சட்டென்று திரும்ப மறுக்கும். படகு லேசானது என்பதால், பாயில் காற்று போனதும் வேகம் பொசுக்கென்று இறங்கிவிடும். கனமான படகு பழைய வேகத்திலேயே வளைந்துவிடும். இது பாதி திரும்பியதும் காற்றுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இரண்டாவது, பக்கவாட்டு நழுவல். லேசான படகு தண்ணீருக்குள் ஆழமாக அமராது. போதுமான பலகை இல்லாவிட்டால் நண்டு மாதிரி ஒருபக்கமாக நகரும்.

மூன்றாவது, சட்டத்தின் ஆட்டம். எதிர்காற்றில் போகப் பாய் தட்டையாக, விறைப்பாக இருக்கணும். அதைப் பிடித்திருக்கும் சட்டமும் கம்பியும் தளர்ந்தால் பாய் தொப்பை போட்டுவிடும். தொப்பை போட்ட பாய், காற்றுக்கு நெருக்கமாகப் போக விடாது.

மூட்டு வைத்து அசைய விடுவது ஹெரெஷாஃப் தன் காலத்துப் பொருட்களுக்குக் கண்ட தீர்வு. சட்டம் முறியாமல் காத்தது. பிற்காலத்தில் ஒட்டுப்பலகை, நல்ல பசை, ஃபைபர், அலுமினியக் குழாய் எல்லாம் வந்த பிறகு வடிவமைப்பாளர்கள் நேரெதிர் வழியில் போனார்கள். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்றானது.

வால்வை மூடிய அந்த நாள்

1878-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பிரிஸ்டலில் ஹெரெஷாஃப் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வியாபாரம், கணக்கு, பேரம் எல்லாம் பார்வையில்லாத அண்ணன். வடிவமைப்பு தம்பி. முதலில் பெயர் வாங்கித் தந்தவை வேகமான நீராவிப் படகுகள். அமெரிக்கக் கடற்படையின் குஷிங் என்ற டார்பிடோ படகு, 1890-ல் சேவைக்கு வந்தது, இவர்கள் கட்டியதே.

அந்தப் பாதையில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1888-ல் ‘சே வென்’ என்ற நீராவிப் படகின் வேகச் சோதனை. கொதிகலனில் அழுத்தம் கூடியதும் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. எதிர்பார்த்த வேகத்தை எட்ட வேண்டும் என்று ஹெரெஷாஃப் அதை மூடினார். கொதிகலன் வெடித்தது. அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஹெரெஷாஃபின் நீராவிப் பொறியாளர் உரிமம் பறிக்கப்பட்டது.

அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது. ஒரு மனிதரின் உயிர் போனது, அவருடைய அவசரத்தால். அதன் பிறகான ஆண்டுகளில் அவர் பெயர் பேசப்பட்டது பெரும்பாலும் பாய்மரப் படகுகளுக்காகத்தான்.

பாய்க்குள் ஒளிந்திருந்த ரகசியம்

1891-ல் வந்தது குளோரியானா. முன்பக்கத்தின் அடிப்பகுதியைச் செதுக்கிக் குறைத்த புதுமையான உடல். அந்தப் பருவத்தில் கலந்துகொண்ட 8 போட்டிகளிலும் முதலிடம். அதே ஆண்டு டைலெம்மா என்ற படகில், தண்ணீருக்குள் மெல்லிய துடுப்புத் தகடும் அதன் அடியில் ஈயக் குண்டும் வைத்தார். நழுவலைத் தடுக்க ஒல்லியான ஆழமான தகடு, நிலைக்க அடியில் எடை. இன்றைய பந்தயப் படகுகள் பலவும் இந்த வழியில் வந்தவைதான்.

எதிர்காற்றுக்கு அவர் செய்த பெரிய உதவி, பாய் தைக்கும் முறையில் இருக்கிறது. நெசவு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வேட்டியைப் பாவு நூலின் திசையில் இழுத்துப் பாருங்கள், நீளாது. ஊடை நூலின் திசையில் இழுத்தாலும் அவ்வளவாக நீளாது. மூலையைப் பிடித்துக் கோணலாக இழுத்தால் தொளதொளவென்று நீளும். பாய்த் துணியும் அப்படித்தான்.

அதுவரை பாயின் துணித்துண்டுகளைப் பின்விளிம்புக்கு இணையாக, மேலிருந்து கீழாக வைத்துத் தைத்தார்கள். ஹெரெஷாஃப் பின்விளிம்புக்குச் செங்குத்தாக, குறுக்கே வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இதனால் அதிக இழுவை விழும் பின்விளிம்போடு ஊடை நூல் சேர்ந்து ஓடும். துணி தொய்யாது. பாய் தட்டையாக நிற்கும். காற்றுக்கு இன்னும் நெருக்கமாகப் போகலாம். இன்றும் சாதாரணப் பாய்கள் பலவும் இந்தக் குறுக்குத் தையலில்தான் வருகின்றன.

தேயிலை முதலாளியும் பிரிஸ்டல் மந்திரவாதியும்

பாய்மரப் படகு உலகின் மிகப் பெரிய பரிசு அமெரிக்கா கோப்பை. 1893-ல் ஹெரெஷாஃப் வடிவமைத்த விஜிலன்ட், பிரிட்டனின் வால்கிரி 2-ஐத் தோற்கடித்துக் கோப்பையைக் காத்தது. சுக்கான் பிடித்தவரும் அவரே. 1895-ல் டிஃபெண்டர். 1899, 1901 இரண்டிலும் கொலம்பியா. 1903-ல் ரிலையன்ஸ். 1920-ல் ரெசொல்யூட். இந்த 6 போட்டிகளிலும் ஜெயித்தது அவர் வடிவமைத்த படகுகள். ‘பிரிஸ்டலின் மந்திரவாதி’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

எதிரில் நின்றவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். டீத்தூள் பாக்கெட்டில் பெயர் இருக்குமே, அந்த தாமஸ் லிப்டன்தான். 1890-ல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியவர். தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களின் உழைப்பில் மலையகத்தில் விளைந்த தேயிலை அவர் செல்வத்தில் பெரும் பங்கு. அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி ஷாம்ராக் என்ற பெயரில் வரிசையாகப் பந்தயப் படகுகளாக மாறியது. 5 முறை சவால் விட்டார். முதல் 4 முறை அவரைத் தோற்கடித்தவை ஹெரெஷாஃபின் படகுகள். 1920-ல் மட்டும் லிப்டன் 2-0 என முன்னிலை பெற்று, கடைசியில் 3-2 எனத் தோற்றார். கோப்பை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

ரிலையன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. (நம்ம ஊர் ரிலையன்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.) முன்நுனியிலிருந்து பின்நுனி வரை, நீட்டிய கழிகளையும் சேர்த்து, சுமார் 61 மீட்டர். பாயின் பரப்பு சுமார் 16,000 சதுர அடி. விதியில் இருந்த ஓட்டையை முழுசாகப் பயன்படுத்திக் கட்டிய ராட்சதப் படகு.

விதியால் வெளியே போனவரே விதி எழுதினார்

இத்தகைய ராட்சதப் படகுகள் போட்டியைக் கெடுக்கின்றன என்று நியூயார்க் யாட் கிளப் நினைத்தது. படகின் நீளம், பாய், எடை மூன்றையும் சேர்த்து மதிப்பிடும் புதிய கணக்கு தேவைப்பட்டது. அதை உருவாக்கும் பொறுப்பு யாரிடம் வந்தது? 27 ஆண்டுகளுக்கு முன் விதியின் பெயரால் வெளியேற்றப்பட்ட அதே ஹெரெஷாஃபிடம். 1903-ல் அவர் கணக்கு ஏற்கப்பட்டது. ‘பொது விதி’ என்ற பெயரில் பல ஆண்டுகள் அமெரிக்கப் பந்தயங்களை அது நடத்தியது.

1914-ல் குழந்தைகள் படகோட்டக் கற்றுக்கொள்ள 16 அடியில் ஒரு சின்னப் படகை வடிவமைத்தார். ‘ஹெரெஷாஃப் பன்னிரண்டரை’ என்ற அந்தப் படகை இன்றும் ஓட்டுகிறார்கள். கோடீஸ்வரர்களுக்குக் கட்டிய ராட்சதங்கள் பெரும்பாலும் உடைக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகளுக்குக் கட்டியது நிலைத்துவிட்டது.

இரட்டைப் படகு ஆசை மட்டும் அவரை விடவில்லை. 1933-ல், அவர் 85 வயதில், மகன் சிட்னியின் கையால் அமரில்லிஸ் 2 உருவானது. 1938 ஜூன் 2 அன்று, 90 வயதில், பிறந்த ஊரான பிரிஸ்டலிலேயே ஹெரெஷாஃப் காலமானார்.

தடை எப்போது உடைந்தது?

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் டொர்னேடோ என்ற இரட்டைப் படகுப் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அமரில்லிஸை வெளியேற்றி சரியாக 100 ஆண்டுகள்.

1988-ல் அமெரிக்கா கோப்பையிலேயே கதை திரும்ப வந்தது. நியூசிலாந்து பிரம்மாண்டமான ஒற்றை உடல் படகோடு வர, அமெரிக்கத் தரப்பு ஒரு கேட்டமரனை இறக்கி ஜெயித்தது. தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு மேலும் கீழும் ஆடி, 1990-ல் கேட்டமரன் தரப்புக்கே தீர்ப்பு வந்தது. 1876-ல் கேட்ட அதே கேள்விக்கு இம்முறை வேறு பதில்.

2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தரப்பும் 72 அடி கேட்டமரன்களில் மோதின. நியூசிலாந்து 8-1 என முன்னிலை. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். ஆனால் அமெரிக்காவின் ஆரக்கிள் அணி அடுத்த 8 பந்தயங்களையும் வரிசையாக ஜெயித்து 9-8 எனக் கோப்பையைத் தக்கவைத்தது. அந்தத் திருப்பத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, எதிர்காற்றில் போகும் வேகத்தைப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் மேம்படுத்தியது.

சரி, சின்னக் கேட்டமரனை எதிர்காற்றில் நன்றாக ஓட்ட என்ன வழி?

சென்னையிலோ வேறு கடற்கரையிலோ இந்தப் படகில் ஏற நினைப்பவர்களுக்கு, இத்தனை ஆண்டு அனுபவத்தின் சுருக்கம்:

1. ரொம்ப நெருங்காதீர்கள். காற்றுக்கு 45 டிகிரியில் 6 நாட் வேகத்தில் போனால், எதிர்காற்றுத் திசையில் நிகர முன்னேற்றம் சுமார் 4.2 நாட். 50 டிகிரிக்கு விலகி 7 நாட் எடுத்தால் சுமார் 4.5 நாட். கொஞ்சம் விலகி வேகமாகப் போவதே லாபம்.

2. பலகையை முழுசாக இறக்குங்கள். டொர்னேடோவில் பலகை உண்டு. ஹோபி 16 மாதிரிப் படகில் பலகை இல்லை, உடலின் சமச்சீரற்ற வளைவே அந்த வேலையைச் செய்யும். அதில் வேகம் குறைந்தால் நழுவல் கூடும்.

3. சட்டத்தையும் கம்பிகளையும் இறுக்குங்கள். பாய் தட்டையாக நிற்கணும்.

4. எடையைக் கவனியுங்கள். பின்னால் உட்கார்ந்து பின்பக்கத்தைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

5. வேகத்தோடு திரும்புங்கள். சுக்கானை வெடுக்கென்று ஒடித்தால் அதுவே பிரேக். நிதானமாக வளைத்து, முன்பாயை ஒரு நொடி பழைய பக்கத்திலேயே விட்டுப் பிடித்தால் காற்றே முன்பக்கத்தைத் தள்ளித் திருப்பிவிடும்.

இவற்றில் பெரும்பாலானவை ஹெரெஷாஃபும் தன் காலத்துப் பொருட்களோடு மோதிப் பார்த்த கேள்விகள்தான். 1876-ல் அவரிடம் ஃபைபர் இல்லை, கணினி இல்லை. ஒரு மரக்கட்டை, ஒரு உளி, அதைத் தடவிப் பார்க்க அண்ணனின் கை. அதை வைத்து அவர் கட்டிய படகை ஏற்க விதிக்கு நூறு வருஷம் பிடித்தது.

அடுத்த ஆடியில் சின்னசேலம் ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் நேராகத்தான் வந்தாக வேண்டும். பாய் இருந்திருந்தால், கொஞ்சம் வளைந்து வளைந்து, கால் வலிக்காமல் வந்து சேர்ந்திருக்கலாம்.